உங்கம்மா தலையில் ஓடின அலைகள்

மேல் டிவிஷன், ஏழாம் லயம்,
தெரணியகலை.
ஞாயிற்றுக்கிழமை, மழை விட்ட பின்னேரம்.

என் அருமை மருமகள் தனுஷிகாவுக்கு, மேல் டிவிஷன் மலைக்கு மேலே படுத்துக் கிடக்கும் முப்பத்தாறு மேகங்களுக்கும் ஒரே வாரிசும், தேயிலை ஸ்டோரில் கொழுந்து வாட்டும் தட்டுகளுக்கெல்லாம் சக்கரவர்த்தியுமான உன் தாய்மாமன் செல்லத்துரை எழுதிக்கொள்வது. ருமேனியாக் குளிரில் உன் விரல் விறைக்காமல், தையல் மெஷின் ஊசி உன்மேல் கோபப்படாமல், வேளைக்கு ஒரு பிடி சோறு உள்ளே போக வேணும் என்று நம்ம மாரியம்மாகிட்ட மனுப் போட்டிருக்கேன், பதில் இன்னும் வரல, ஆனா அம்மன் சிரிச்ச முகமாத்தான் இருக்கு. இங்க நானும் உங்கம்மாவும் சுகம். கடிதம்னா சுகம்னு எழுதித்தானே ஆகணும்னு எழுதுற சுகம் இல்ல இது. எவ்வளவு சுகம், எவ்வளவு சுகமில்லைன்னு கிராம் கணக்கா நிறுத்து எழுதப் போறேன், பொறுமையா வாசி.

நீ கோபமா இருக்கிற, அது நியாயம். அன்னைக்கு ஆஸ்பத்திரி நடையில் நின்னுக்கிட்டு உனக்குக் குரல்பதிவு அனுப்பினது நான்தான். உங்கம்மா தலையில் நூறு கம்பி ஏத்திட்டாங்க, மின்னல் விட்டுப் பார்த்தாங்க, மூளை முழுக்கத் திரையில் ஓடுது, அதைப் பார்த்துப் பெரிய பெரிய டாக்டர்மாருக்கே பேச்சு நின்னுபோச்சுன்னு சொன்னேன். சொல்லி முடிச்ச கையோட போனில் சார்ஜ் போச்சு, அன்னைக்கு அடிச்ச மழையில் நம்ம டவரும் செத்து மூணு நாள் கிடந்தது. அந்த மூணு நாளும் நீ அங்க அழுது, சூப்பர்வைசர்கிட்டப் போய், ரெண்டு வருஷ எக்ரிமெண்டை உடைச்சுக்கிட்டு ஊருக்குப் போகணும்னு நின்னதை உன்கூட அங்க தைக்கிற சிநேகிதி சசி சொல்லித்தான் எனக்குத் தெரியும். டவர் உயிர் வந்ததும் கட்டி கிட்டி ஒன்னும் இல்லன்னு ஒரு வரி அனுப்பினேன். அதுக்கு நீ சொன்னதை நான் இன்னும் மறக்கல. அம்மா இருக்கிறதை இல்லைங்கும், நீங்க இல்லாததை இருக்குங்கிறீங்க, உங்க ரெண்டு பேர்ல நான் யாரை மாமா நம்புறது, வாயால ஒன்னும் சொல்ல வேணாம், பேனாவைப் பிடிச்சாலாவது கொஞ்சம் அடங்குவீங்க, நடந்ததை எழுதிப் படம் பிடிச்சு அனுப்புங்க, அதைப் பார்த்துத்தான் டிக்கெட் போடுறதா வேணாமான்னு முடிவு பண்ணுவேன்னு சொன்ன. எழுதினேன் மகளே. மூணு தரம் எழுதி மூணு தரம் கிழிச்சேன். முதல் கடிதத்தில் டாக்டர்மார் நாப்பது பேர் வந்துட்டாங்க. ரெண்டாவதில் ஆஸ்பத்திரிக் கட்டடம் ஏழு மாடி வளர்ந்துடுச்சு. மூணாவதை விடு. இது நாலாவது, இதில் பெருக்கின இடமெல்லாம் நானே வெட்டித் திருத்திக்கிட்டே வர்றேன். முதல்ல நூறு கம்பியைத் திருத்துறேன். இருபத்தொன்னு. பொறுப்பா இருந்த மிஸ்ஸை எண்ணிச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கிட்டேன். கட்டி இல்ல, அது ஸ்கேன் எடுத்துப் பார்த்த உண்மை. ஆனா ஒன்னுமே இல்லைன்னும் நான் எழுத மாட்டேன்.

உங்கம்மாவுக்குத் தலைவலி நீ பிறக்கிறதுக்கு முந்தியே உண்டு. மாசத்தில் நாலு நாள், அஞ்சு நாள், ஜன்னலை மூடி, கம்பளியைத் தலை வரைக்கும் இழுத்துக்கிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கும். அப்ப நான் என்ன செஞ்சேன் தெரியுமா? நம்ம வரிசை வீட்டு லயத்து வாசல்ல நின்னு, அமாவாசையோட அக்கா எங்க வீட்டுக்கு வந்திருக்கு, சூரியனைக் கொஞ்சம் மறைச்சுப் பிடிங்கப்பான்னு ஊருக்கெல்லாம் அறிவிப்புச் செய்வேன். கொழுந்து கூடுதலா நிக்கிற மாசம் பார்த்துத்தான் அக்காவுக்குத் தலை இடிக்கும்னு சொல்லுவேன். மொத்த லயமும் விழுந்து விழுந்து சிரிக்கும். சிரிக்காத ஆள் ஒன்னே ஒன்னுதான், அது உள்ள படுத்திருந்தது. பிறகு உங்கம்மா படுக்கிறதை விட்டுடுச்சு. நீ எட்டாம் வகுப்பு படிக்கிறப்பவே விட்டுடுச்சு. எனக்கு அது சுகமாயிடுச்சுன்னு எண்ணம். காலையில் சாயத்தண்ணியோட ரெண்டு பெனடோல், பகலைக்கு ரெண்டு, படுக்கப் போறப்ப ரெண்டுன்னு முழுங்கிக்கிட்டு மலைக்குப் போய் வந்திருக்கு. இந்த விஷயம் எனக்கே இந்த மாசம்தான் தெரியும்.

ஐப்பசி மாசம் டாக்டர் பிரஷாந்தினின்னு ஒரு பிள்ளை, யாழ்ப்பாணத்துப் பக்கம், தலைவலிக்காரங்களை வச்சு ஒரு ஆராய்ச்சின்னு நம்ம காலைப் பெரட்டுக்கு, அதான் வேலை பிரிச்சுக் கொடுக்கிற இடத்துக்கே வந்துச்சு. மூளையில் ஓடுற அலையைப் பதிஞ்சு பார்த்தா எந்தத் தலைவலி எதுன்னு பிரிச்சுச் சொல்ல உதவுமான்னு பார்க்கிறோம், தலைவலி இருக்கிறவங்க கையைத் தூக்குங்கோ எண்டு கேட்டுச்சு. பதினாலு கை மேல போச்சு. உங்கம்மா கை போகல. நான் சும்மா இருப்பேனா, இந்த டிவிஷன் தலைவலி மொத்தத்தையும் குத்தகைக்கு எடுத்தவங்க இங்க நிக்கிறாங்க மிஸ்னு பின்னால இருந்து கத்தினேன். பெரட்டே கொல்லுன்னு சிரிச்சது. உங்கம்மா தரையைப் பார்த்துச்சு. அந்த டாக்டர் பிள்ளை மட்டும் சிரிக்காம, அம்மாட பேர் என்னன்னு கேட்டு, பரிமளம்னு எழுதிக்கிச்சு. எல்லாம் அப்படித் தொடங்கினதுதான். ஸ்கேன் எடுத்தாங்க, சுத்தமா இருந்துச்சு. பிறகுதான் இந்த அலை பிடிக்கிற நாள் வந்தது.

அதுக்கு ஒரு துண்டுக் காகிதம் கொடுத்திருந்தாங்க, சிங்களத்தில் ஒரு பக்கம், தமிழில் ஒரு பக்கம். முந்தின ராத்திரி நாலு மணி நேரத்துக்கு மேல தூங்கக் கூடாது, தலையைக் கழுவிட்டு வரணும், எண்ணெய் வைக்கக் கூடாது. தூங்காம வச்சிருக்கிற உத்தியோகம் எனக்கு, அதை நான் எவ்வளவு சிறப்பாச் செஞ்சேன்னு உங்கம்மாகிட்டக் கேள், இன்னும் என் கதைகளை நினைச்சுக் காதைப் பொத்திக்குது. விடிய நம்ம ஜுனைதீன் த்ரீவீலர்ல கிளம்பினோம். அவிசாவளை வரைக்கும் பனி, மகளே, ரோட்டை யாரோ சுருட்டி எடுத்துக்கிட்டுப் போன மாதிரி. முன்னால ஜுனைதீனோட முதுகு மட்டும்தான் தெரியுது. தூக்கம் கெட்ட கண்ணுக்கு எல்லாம் மெதுவா நடந்தது. ரப்பர் மரமெல்லாம் வெள்ளை வேட்டி கட்டிக்கிட்டு வரிசையா நின்னு எங்களை வழியனுப்பின மாதிரி இருந்துச்சு. குருவிட்ட தாண்டுறப்ப மாணிக்கக் குழிகளுக்கு மேல கட்டியிருந்த ஓலைக் கூரைகள் தண்ணியில் மிதக்கிற தொப்பி மாதிரி ஆடிச்சு. அந்த மயக்கத்தில்தான் நான் கவனிக்கல. உங்கம்மா பையிலிருந்து சின்னப் போத்தல் எடுத்து, ஒரு கை நிறைய தேங்காய் எண்ணெயைத் தலையில் வச்சு, வழிச்சு, இறுக்கிக் கொண்டை போட்டுடுச்சு. துண்டை வாசிக்காம இல்ல, என்னைவிட நல்லா வாசிச்சிருந்துச்சு. பிறகு கேட்டதுக்குச் சொல்லுது, சாவு வீட்டுக்குப் போறப்பதான்டா எண்ணெய் இல்லாத தலையோட படி இறங்குறது, பெரிய ஆஸ்பத்திரிக்கு அப்படி வறண்ட தலையோட போனா என்ன சேதி வரும்னு நினைச்சேன்னு.

அங்க கம்பி ஒட்டுற மிஸ், ஷிப்னான்னு பேர், நம்ம ஊர்ப்பக்கப் பிள்ளைதான், கொண்டையைத் தொட்டுட்டு என்னைப் பார்த்துச்சு. என்ன மாமா இது, பொரிக்கிறதுக்கா கூட்டிட்டு வந்தீங்கன்னு கேட்டுச்சு. எண்ணெய் இருந்தா கம்பி பிடிக்காதாம், அலை சரியா வராதாம். இன்னும் அரை மணி இருக்கு, பின்னால குழாய் இருக்கு, கழுவிட்டு வாங்கன்னு அனுப்பிடுச்சு. கடையில் நாலு ஷாம்பு பாக்கெட் வாங்கினேன். உங்கம்மா குனிஞ்சு நிக்க, நான் போத்தலால் தண்ணி ஊத்தித் தேய்ச்சேன். என் ஐம்பத்தொரு வயசில் அக்கா தலையை நான் கழுவுறது இதுதான் முதல் தடவை. சின்ன வயசில் அது எனக்கு எத்தனை தரம் கழுவிவிட்டிருக்கும். தேய்க்கிறப்ப என் விரல் ஒரு பள்ளத்தில் இறங்கினது, மகளே. உச்சிக்குக் கொஞ்சம் முன்னால, ஒரு காதிலிருந்து மறு காது வரைக்கும், விரல் கனத்துக்கு ஒரு தடம். அந்த இடத்தில் முடியும் இல்ல. கொழுந்துக்கூடைக் கயிறு. முப்பத்தஞ்சு வருஷமா ஒரே இடத்தில் உட்கார்ந்த கயிறு. கொண்டைக்கும் முந்தானைக்கும் கீழே இருந்ததை நான் பார்த்ததே இல்ல. இதைப் பெருக்கி எழுத எனக்கு ஆசை வரல. இருந்தது இருந்த மாதிரிதான் எழுதியிருக்கேன். விரல் பட்டதும் உங்கம்மா பல்லைக் கடிச்சு மூச்சை இழுத்துச்சு. வலிக்குதான்னு கேட்டேன். வலிக்கும்னு சொல்லிச்சு. எப்ப இருந்துக்கா, ஏன் சொல்லலன்னு கேட்டேன். குனிஞ்ச தலையை நிமிர்த்தாமலே, நுரைக்குள்ள இருந்து சொல்லிச்சு, சொன்னேனே தம்பி, நீதான் சிரிச்சன்னு. குழாய்த் தண்ணி ஓடிக்கிட்டே இருந்துச்சு. அன்னைக்கு டாக்டர்மாருக்குப் பேச்சு நின்னுபோச்சுன்னு உனக்குச் சொன்னேன் பார், நின்னது என் பேச்சுதான்.

அந்த அறை நீ நினைச்ச மாதிரி பயங்கரம் இல்ல. திரைச்சீலை போட்ட ஒரு சின்ன அறை, ஒரு கட்டில், ஒரு விசிறி. ஷிப்னா தலையில் அளந்து அளந்து புள்ளி வச்சு, வெள்ளைப் பசை தடவி, ஒவ்வொரு கம்பியா ஒட்டிச்சு. கம்பி வழியா உள்ள ஒன்னும் போகாது, உள்ள இருக்கிறதுதான் வெளிய வருதுன்னு சொல்லிச்சு, அதனால மின்னலையும் வெட்டிடு. மூலையில் ஒரு ஸ்டூல் போட்டு, வாயைத் திறக்கக் கூடாதுங்கிற நிபந்தனையில் என்னை உட்கார விட்டுச்சு. கண்ணை மூடச் சொல்லி, திறக்கச் சொல்லி, மூணு நிமிஷம் பலமா மூச்சு விடச் சொல்லிச்சு. அப்புறம் முகத்துக்கு நேரே ஒரு விளக்கு விட்டு விட்டு மின்னிச்சு. அதுதான் நான் மின்னல்னு சொன்னது. அந்த விளக்கு வேகமா மின்ன, உங்கம்மா கட்டில் கம்பியை எட்டிப் பிடிச்சுச்சு. நிறுத்தவா அம்மான்னு ஷிப்னா கேட்டுச்சு. வலிக்கிறதுக்கு முந்தி இப்படித்தான் வரும் மகள்னு உங்கம்மா சொல்லிச்சு. எப்படி வரும், சொல்லுங்கன்னு ஷிப்னா விளக்கை அணைச்சிட்டுக் கேட்டுச்சு. இடது கண் ஓரத்தில் ஒரு வெளிச்சம் முளைக்குமாம், தேயிலை இலையோட ஓரம் மாதிரி பல்லுப் பல்லா, வெள்ளியில் செஞ்ச மாதிரி மின்னிக்கிட்டு, அது மெதுவா வளர்ந்து பாதி மலையை மறைச்சுடுமாம், கால் மணி, இருபது நிமிஷம் நின்னுட்டுப் போயிடுமாம், அது போனதும் வலி வருமாம். இதை யார்கிட்டயாவது சொன்னீங்களான்னு ஷிப்னா கேட்க, எல்லாருக்கும் அப்படித் தெரியும்னுதான் மகள், நான் நினைச்சிருந்தேன்னு சொல்லிச்சு. நான் மூலையில் இருந்து தலையாட்டினேன், இல்லக்கா, எனக்கெல்லாம் மலை முழுசாத்தான் தெரியுதுன்னு.

பிறகு தூங்கச் சொன்னாங்க. ராத்திரி கெட்ட தூக்கம் எல்லாம் அங்க வந்து சேர்ந்துச்சு. உங்கம்மா தூங்க, திரையில் கோடுகள் ஒன்னுக்குக் கீழ ஒன்னா ஓடினது. முதல்ல பொடிப் பொடியா, நெருக்கமா, பெரட்டுக்கு ஓடுற கால் மாதிரி. அப்புறம் மெதுவாகி, அகலமாகி, ஏறி இறங்கி, மேல் ரோட்டில் நின்னு பார்த்தா நம்ம மலை மலையா ஒன்னுக்குப் பின்னால ஒன்னு நிக்குமே, அந்த மாதிரி. எனக்கும் கண் சொக்குது. அந்த மேட்டில் உங்கம்மா என்னை இடுப்பில் வச்சுக்கிட்டு ஏறுது, இந்தப் பள்ளத்தில் உன் அப்பா சைக்கிள் மணி அடிக்கிறாரு, அந்தக் கடைசி வரியில் நீ பள்ளிக்கூட வெள்ளைக் கவுனோட ஓடுற, மழை பேஞ்சு எல்லாம் பச்சையாகுதுன்னு எனக்குத் தெரிஞ்சது. நெஞ்சைத் தொட்டுச் சொல்றேன், தெரிஞ்சது. திடீர்னு ஒரு பெரிய மலை திரையையே முட்டுற மாதிரி எழும்பினது. அக்கா எங்கயோ பறக்குதுன்னு நினைச்சு ஷிப்னாகிட்ட ரகசியமாக் கேட்டேன். அது கண் இமை அசைஞ்சது மாமா, நீங்க பார்க்கிறதெல்லாம் இதில இல்லன்னு சொல்லிச்சு. இருக்கட்டும். நான் பார்த்தது பார்த்ததுதான், அதை மட்டும் நான் வெட்ட மாட்டேன்.

மத்தியானத்துக்குப் பிறகு டாக்டர் பிரஷாந்தினி கூப்பிட்டுச்சு. நான் மடிச்ச காகிதத்தில் எழுதிக்கிட்டேன், அப்படியே தர்றேன். இந்த அலையை மட்டும் பார்த்து இது இன்ன தலையிடி எண்டு சொல்ல ஏலாது ஐயா, தலையிடி எண்டு வாற எல்லாருக்கும் இதை எடுக்கிறதும் இல்லை, உதவுமா எண்டுதான் தேடுறம் எண்டுச்சு. அம்மாட மூளையின்ர பின்பக்க அலை அந்த மின்னுற விளக்கோட சேர்ந்து நல்லாத் துள்ளுது, ஒற்றைத் தலைவலிக்காரரில பல பேருக்கு அப்பிடி வாறதுண்டு, ஆனா அதைவிட அம்மா சொன்ன அந்தத் தேயிலை வெளிச்சம்தான் எனக்குப் பெரிய சாட்சி எண்டுச்சு. அதனால இது மைக்ரேன், ஒற்றைத் தலைவலி. அதுக்கு மேல கூடைக்கயிறு அமத்தின வலி ஒன்னு. அதுக்கும் மேல, தினம் தினம் முழுங்கின பெனடோலே கொண்டுவந்த வலி ஒன்னு. வலிக்குப் போடுற மாத்திரையே நாள்தோறும் போட்டா வலியைக் கூட்டுமாம், எனக்கு இது புதுசு. ஆளைக் கொல்ற நோய் இல்ல, ஆனா ஆளைப் படுக்கப் போடுற நோய், மருந்து இருக்கு எண்டுச்சு. உங்கம்மா எல்லாத்தையும் கேட்டுட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டுச்சு. அப்ப இது உண்மைதானா மிஸ்னு கேட்டுச்சு. டாக்டர் பிள்ளை பேனாவைக் கீழ வச்சுட்டு, நீங்கள் முதல்முதல்ல சொன்ன அண்டைக்கே இது உண்மைதான் அம்மா எண்டுச்சு. தலை முழுக்க வெள்ளைப் பசை காய்ஞ்சு கிடக்க, உங்கம்மா முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கிச்சு. எவ்வளவு நேரம் அழுதுச்சுன்னு நான் எழுதல.

மறுநாள் காலைப் பெரட்டில் அறுபதாயிரம் பேர் முன்னால, சரி, நாப்பத்துமூணு பேர் முன்னால நான் ஏறி நின்னேன். இத்தனை வருஷமா எங்கக்கா தலைவலியை வச்சு உங்களையெல்லாம் சிரிக்க வச்சது நான், அது பொய் இல்ல, பொய் சொன்னது நான்தான்னு சொன்னேன். ஒருத்தரும் சிரிக்கல. ஃபீல்ட் ஒஃபிசர் உதயராஜ் தம்பி, இனிமே பரிமளக்கா தலையில் கயிறு போட வேணாம், தோளில் சாக்குப் பை போட்டு எடுக்கட்டும்னு சொல்லிட்டாரு. அப்புறம் வேற மூணு பொம்பளைங்க வந்து, அண்ணே, எங்க பேரையும் அந்த டாக்டர் பிள்ளைகிட்டக் கொடுங்கன்னாங்க. பெரட்டில் கை தூக்காத மூணு பேர்.

இப்ப நீ முடிவு பண்ண வேண்டியதுக்கு வர்றேன். இந்தக் கடிதம் எழுதுறது தெரிஞ்சு, எனக்கு இப்ப வலியே இல்லைன்னு எழுதுடான்னு உங்கம்மா பக்கத்தில் வந்து நின்னுச்சு. நான் எழுத மாட்டேன். டாக்டர் கொடுத்த கொப்பியில் வலிச்ச நாளுக்கு அதுவே கோடு போடுது. இந்தப் பதிமூணு நாள்ல ஆறு கோடு. பெனடோலை விட்ட புதுசில் கூடுதலாத்தான் வலிக்கும், பிறகு குறையும், ரெண்டு மூணு மாசம் பொறுக்கணும்னு சொல்லியிருக்காங்க. ராத்திரி மாத்திரை ஒழுங்காப் போடுது, நான் பார்த்துக்கிட்டே இருக்கேன். அடுத்த கிளினிக் தை மாசம். உண்மை இவ்வளவுதான், இதில் கூட்டவும் இல்ல, குறைக்கவும் இல்ல. பயந்துக்கிட்டு வேலையை உடைச்சிட்டு வராத மகளே. சித்திரைக்கு உனக்கு லீவு இருக்கே, அப்ப ஆசைக்கு வா. இன்னொன்னு, இது குடும்பத்தில் ஓடுற நோயாம், டாக்டர் உன்னைப் பத்தியும் கேட்டுச்சு. போன மாசம் வீடியோவில் பேசுறப்ப நீ லைட்டை அணைச்சிட்டு உட்கார்ந்திருந்த, கண் கூசுதுன்னு சொன்ன. உனக்கும் அப்படி ஏதாவது இருந்தா எனக்கு எழுது, அங்க ஒரு டாக்டர்கிட்டச் சொல்லு. நான் சிரிக்க மாட்டேன்.

நேத்து சனிக்கிழமை நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். பகல் ரெண்டு மணி இருக்கும், லயத்தில் ஒரே சத்தம், பிள்ளைங்க கிரிக்கெட், ஒரு வீட்டில் ரேடியோ, ஒரு வீட்டில் தேங்காய் துருவுற சத்தம். உள்ள இருந்து உங்கம்மா கத்திச்சு, டேய் தம்பி, தலை வலிக்குதுடான்னு. முனகல் இல்ல மகளே, இருபது வீட்டுக்கும் கேட்கக் கத்திச்சு. பதினொரு வருஷத்துக்குப் பிறகு. நான் வாசலுக்கு வர்றதுக்குள்ள ரேடியோ நின்னுடுச்சு. பிள்ளைங்க பந்தையும் மட்டையையும் எடுத்துக்கிட்டு நுனிக்காலில் கீழ் ரோட்டுக்கு இறங்கிப் போனாங்க. தேங்காய் துருவின பொம்பளை பாதி மூடியோட அப்படியே உட்கார்ந்துட்டா. யாரோ வந்து நம்ம ஜன்னலுக்கு வெளியில ஒரு சாக்கைத் தொங்கவிட்டாங்க, வெளிச்சம் போகாம. மூணு மணி நேரம், மகளே, மலையிலிருந்து பனி இறங்கி லயம் முழுக்க வந்து உட்கார்ந்துச்சு, நாய் கூடக் குரைக்கல. இதில் ஒரு சொல் கூட நான் பெருக்கல, நீ வேணும்னா நம்ம லயத்திலேயே இருக்கிற சசியோட அம்மாகிட்டக் கேட்டுப் பார். அஞ்சு மணிக்கு உங்கம்மா எழும்பி வந்து வாசல்ல நின்னு, என்னடா எல்லாரும் செத்துட்டீங்களா, விளையாடுங்கடான்னு சொல்லிச்சு.

மாரியம்மா உன்னைக் கண்ணுக்குள்ள வச்சுக் காக்கட்டும், உன் கை தைக்கிற சட்டையெல்லாம் நல்ல மனுசங்க உடம்பில் ஏறட்டும். வேளைக்குச் சாப்பிடு, காதை மூடிக்கிட்டு வெளியில போ. உங்கம்மாவுக்கு நீயே போன் போடு, சுகமான்னு கேட்காத, இன்னைக்கு வலிச்சுதான்னு கேள், சொல்லும்.

இப்படிக்கு,
உங்கம்மாவின் தம்பி,
செல்லத்துரை மாமா.